கரும்பலகையில் வரைந்த காடு

28 வருஷம் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் நடத்தினேன். பாசிகள் பாடம் வந்தால் கரும்பலகையில் முதலில் வரைவது லாமினேரியாவைத்தான். கீழே பற்றுறுப்பு, அதன்மேல் காம்பு, காம்பின் நுனியில் நாக்கைப் போல நீண்ட தட்டு. மூன்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி, "இது குளிர்ந்த கடல்ல வளர்றது, நம்ம பக்கம் கிடையாது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். பக்கத்திலேயே மேக்ரோசிஸ்டிஸ் என்று இன்னொரு பெயர் இருக்கும். உலகத்திலேயே பெரிய பாசி, 45 மீட்டர்கூட வளரும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். எனக்கும் அது மனப்பாடம்தான். கண்ணால் கண்டதில்லை.

2025 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை மான்டரே பே அக்வேரியத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழைந்து திரும்பினால் 8.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் கெல்ப் எனப்படும் அந்தப் பெரிய பாசிகளின் காடு. உயிரோடு நிற்கிற, வளர்ந்துகொண்டே இருக்கிற காடு. மேலே கூரை இல்லை. வெயில் நேராகத் தண்ணீருக்குள் சாய்ந்து இறங்குகிறது. கருப்பட்டிப் பாகை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே, இலைகளுக்கு அந்த நிறம். ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு காற்றுப்பை. அந்தப் பைகள்தான் அத்தனை நீளக் கொடியையும் தண்ணீரில் தூக்கிப் பிடித்திருக்கின்றன. அலை ஒரு பக்கம் போனால் மொத்தக் காடும் சாய்கிறது. அலை திரும்பினால் மொத்தக் காடும் திரும்புகிறது. இந்த அசைவுக்கென்றே தொட்டிக்குள் அலை உண்டாக்கும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். கெல்ப்புக்கு வேர் கிடையாது. அது உடம்பு முழுவதாலும் கடலைக் குடிக்கிறது, அதனால் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும், அந்த அசைவுதான் அதன் சாப்பாடு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கண் கலங்கிவிட்டது. எட்டு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்து, "அம்மாச்சி, ஏன் அழறீங்க?" என்றாள். "பழைய சிநேகிதியைப் பார்த்துட்டேன் தங்கம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

வெளியே கடலைப் பார்த்த மாடத்துக்குப் போனோம். கரையை ஒட்டியே காட்டுக் கெல்ப் மிதக்கிறது. அதற்கு நடுவே ஒரு கடல் நீர்நாய், மல்லாந்து படுத்து. மடியில் குட்டி. தாய் இரை தேடி முங்கும்போது குட்டி அலையோடு போய்விடக் கூடாதென்று கெல்ப் கொடியை எடுத்து அதன் உடம்பில் சுற்றிவைக்கும் என்று பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தாய் அதைச் செய்துகாட்டியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு பொளக்கென்று முங்கிவிட்டது. குட்டி கொடிக்குள் அசையாமல் கிடந்தது. சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வயல் வேலைக்குப் போன என் ஆத்தா நினைவுக்கு வந்தாள்.

அந்தக் கரைக்கு ஒரு கதை உண்டு. இதை நான் ஊர் திரும்பியதிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜூலியா பிளாட் என்று ஒரு அம்மா. கருவியல் படித்தவர். முதுகெலும்பிகளின் தலைக் குருத்தெலும்பு எந்தக் கருப்படலத்திலிருந்து வருகிறது என்று 1890களிலேயே கண்டு சொன்னார்; அன்றைய பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை, பல பத்தாண்டு கழித்துத்தான் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. 1898இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனாலும் பெண் என்பதால் எங்கேயும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. மான்டரேயை ஒட்டியுள்ள பசிபிக் குரோவ் ஊரில் வந்து குடியேறினார். கடற்கரைக்குப் போகும் பொதுவழியை ஒருவர் வேலி போட்டு அடைத்தபோது, கோடாரியை எடுத்துக்கொண்டு போய் உடைத்துத் திறந்துவிட்டார். 1931இல், 70 வயதைத் தாண்டி, அந்த ஊருக்கு மேயரானார். ஆன கையோடு ஊர்க் கடலோரத்தைக் காப்புப் பகுதியாக்கினார். அப்போது விரிகுடாவே மத்தி டப்பா ஆலைகளின் கழிவில் நாறிக்கொண்டிருந்த காலம். ரோமத்துக்காக வேட்டையாடி நீர்நாய்களை அழித்தே விட்டார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1935இல் பிளாட் இறந்துபோனார். 1938இல்தான் தெற்கே பிக் சர் கரையில் 50 போல நீர்நாய்கள் ஒளிந்து பிழைத்திருப்பது தெரியவந்தது. அவற்றின் சந்ததி மெல்ல மெல்ல வடக்கே ஏறி, 1960களில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, பிளாட் அம்மா காப்பாற்றி வைத்த கடலோரம் தயாராக இருந்தது. நான் பார்த்த தாயும் குட்டியும் அந்த வழியில் வந்தவைதான்.

காப்புப் பகுதியில் ஒரு பாசி இழையைக்கூட எடுக்கக் கூடாது. அதனால் அடுத்த வாரம் வடக்கே, எடுக்க அனுமதியுள்ள ஒரு கரைக்குப் போனோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 பவுண்டு வரை எடுக்கலாமாம். நாங்கள் எடுத்தது ஒரு பிளாஸ்டிக் வாளியில் பாதி. அலை கொண்டுவந்து போட்டதை மட்டும் பொறுக்கினோம். சாட்டை மாதிரி நீண்ட காம்பும் முனையில் வெங்காயக் குமிழும் கொண்ட புல் கெல்ப் கிடந்தது. இறகு மாலை கட்டிப் போட்டதுபோல எக்ரேஜியா. செம்பாசிகள் கைக்குட்டை ஓரத்துச் சரிகையைப் போலப் பூப்பூவாய். ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் விட்டு விரித்துப் பார்த்தேன். மணலில் கிடக்கும்போது கசங்கிய கந்தல். தண்ணீரில் விட்டதும் அதற்கு உயிர் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு பெரிய புத்தகத்தை என் மடியில் வைத்தாள். நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். அன்னா அட்கின்ஸின் நீலப் படங்கள். டாஷன் பதிப்பகம் 2023இல் போட்டது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

அட்கின்ஸ் 1799இல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜில் பிறந்தவர். தாய் சீக்கிரமே இறந்துவிட, பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி அப்பாவே வளர்த்தார். அப்பா மொழிபெயர்த்த சிப்பிகள் பற்றிய நூலுக்கு 250க்கும் மேற்பட்ட படங்களை மகள் வரைந்து கொடுத்தாள். 1842இல் அவர்கள் குடும்ப நண்பர் ஜான் ஹெர்ஷல், வெயிலில் காட்டினால் நீலமாகும் ஒரு தாளைக் கண்டுபிடித்தார். சயனோடைப். பிற்காலத்தில் கட்டட வரைபடத்துக்கு நாம் சொல்லும் புளூ பிரிண்ட் இந்த வழியில் வந்ததுதான். ஹெர்ஷல் கண்டுபிடித்த மறு வருஷமே, 1843 அக்டோபரில், அட்கின்ஸ் தன் பாசிப் புத்தகத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். புகைப்படங்களைக் கொண்டு உருவான உலகத்தின் முதல் புத்தகம் அதுதான். புகைப்படக் கலையின் தந்தை என்று பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரும் டால்பட்டின் புத்தகம் வந்தது 1844 ஜூனில்.

பத்து வருஷம் உழைத்தார். ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 400 படத்தாள். அச்சு எந்திரம் கிடையாது, நெகட்டிவ் கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் கையால் மருந்து பூசி, உலர்த்தி, பாசியைப் பரத்தி, மேலே கண்ணாடி வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். இப்படி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பிரதிகளுக்கு! ஆயிரக்கணக்கில் படம், அதுவும் இங்கிலாந்து வெயிலில். எழுத்துகளைக்கூட அவர் கையெழுத்திலேயே எண்ணெய்த் தாளில் எழுதி வைத்து, பாசியோடு சேர்த்து வெயிலில் பதித்திருக்கிறார். தலைப்புப் பக்கத்து எழுத்துகள் பாசி இழையில் பின்னியதுபோல நெளிகின்றன. அலாரியா எஸ்குலெண்டா என்ற கெல்ப்பின் படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழ்ந்த நீலத்துக்கு நடுவே வெள்ளையாக அது நிற்கிறது. நடுநரம்பு ஒரு நிழல், ஓரத்தின் சுருக்கம் இன்னொரு நிழல். நான் கரும்பலகையில் போட்ட அம்புக்குறி ஒன்றுகூட அதற்குத் தேவையில்லை.

இத்தனையும் செய்துவிட்டு அவர் போட்டுக்கொண்ட கையெழுத்து வெறும் "ஏ.ஏ.". தன் பெயரின் இரண்டு முதலெழுத்து. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் வில்லியம் லாங் என்ற சேகரிப்பாளர் கையில் ஒரு பிரதி கிடைத்தது. யார் செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஏ.ஏ." என்றால் "அனானிமஸ் அமெச்சூர்" ஆக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அதாவது, பெயர் தெரியாத ஒரு பொழுதுபோக்குக்காரர்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றேன். என் வகுப்பில் படித்த பெண்பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகள் கண்ணுக்குள் வந்தன. என்ன படங்கள் போட்டார்கள் அந்தப் பிள்ளைகள்! ஒருத்தி சர்காசம் பாசியின் காற்றுப்பைகளை பென்சில் புள்ளிகளாலேயே உருட்டிக் காட்டுவாள். தாளைத் தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும் போலிருக்கும். வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டு, "பொம்பளப் பிள்ளைங்க அழகா படம் போடும்ங்க, அவ்வளவுதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 1853இல் முடிந்த ஒரு நீலப் புத்தகம் எனக்காகப் பதில் சொல்லக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆண்கள் செய்தால் அறிவியல், பெண்கள் செய்தால் பொழுதுபோக்கு. பாசியின் கதை முழுக்க இதுதான். லண்டனின் லின்னேயன் சங்கம் 1904 வரை ஒரு பெண்ணையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஆனால் கரையில் பாசி பொறுக்குவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அது பெண்களுக்கு ஏற்ற பாந்தமான வேலையாம். அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் எத்தனை பேர் கடலைப் படித்திருக்கிறார்கள்! டார்க்கியைச் சேர்ந்த அமீலியா கிரிஃபித்ஸின் பெயரில் ஒரு செம்பாசிப் பேரினமே இருக்கிறது. மார்கரெட் காட்டி, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற 1848இல் ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பாசியைத் தொட்டவர் 14 வருஷம் விடவில்லை. 1863இல் வந்த அவருடைய புத்தகத்தில், பாசி பொறுக்கப் போகும் பெண்கள் பையன்களின் வேட்டை பூட்ஸை மாட்டிக்கொள்ள வேண்டும், பாவாடை கணுக்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அறிவுரை சொல்கிறார். எனக்கு அந்த வரிகள் ஒரு விடுதலைப் பிரகடனமாகவே தெரிந்தன.

கேத்லீன் ட்ரூ பேக்கர் கதை இன்னும் நெஞ்சைப் பிடிக்கும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், கல்யாணம் ஆனதும் வேலையை இழந்தார். கல்யாணமான பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்பது அன்றைய விதி. சம்பளமில்லாமல் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கிளிஞ்சல் ஓட்டில் இளஞ்சிவப்புக் கறைபோலப் படிந்திருக்கும் ஒன்றைத் தனிப் பாசி என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். அது போர்பைரா என்ற செம்பாசியின் மறுபருவம்தான் என்று 1949இல் அவர் கண்டு சொன்னார். அதை வைத்துத்தான் ஜப்பானின் நோரிப் பாசி விவசாயம் தழைத்தது. அங்கே உட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுக்கல் நாட்டி, வருஷா வருஷம் ஏப்ரல் 14இல் விழா எடுக்கிறார்கள். "கடலின் தாய்" என்று பெயர். போர்பைராவை நான் 28 வருஷம் நடத்தினேன். இந்தப் பெயரை ஒருநாள்கூடச் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

1974இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரான்சுவாஸ் தோபோன் சூழலியல் பெண்ணியம் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எடுக்காத அதே கண்தான் மண்ணையும் கடலையும் சும்மா கிடக்கிறது என்று நினைத்துச் சூறையாடுகிறது என்பது அதன் சாரம். படித்தபோது தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு உடம்பில் ஏறியது சான் ஹோசே வீட்டுக் கொல்லையில்தான்.

நாங்களும் சயனோடைப் செய்தோம்! பொறுக்கி வந்த பாசிகளை முதலில் ஹெர்பேரியத்துக்குச் செய்வதுபோலவே செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே மருமகனின் கனமான புத்தகங்களை அடுக்கி, தினமும் தாள் மாற்றினேன். ஐந்தாம் நாள் எடுத்தால், இளம் கெல்ப் இலை கண்ணாடித்தாள் மாதிரி மெலிந்து மின்னியது. மகள் இரண்டு குப்பி மருந்து வாங்கி வந்தாள்: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒன்று, பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒன்று. சம அளவு கலந்து, மங்கலான வெளிச்சத்தில் தூரிகையால் தாளில் பூசினோம். எலுமிச்சையில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம். இருட்டறையில் உலரவைத்தோம். மறுநாள் பதினோரு மணி வெயிலில் பேத்தி தாளை வைத்தாள், நான் பாசியைப் பரத்தினேன், மகள் கண்ணாடியை மூடினாள். மூன்று தலைமுறைக் கை ஒரு தாளின்மேல்.

பத்து நிமிஷத்தில் மஞ்சள் மறைந்து, தாள் துருப்பிடித்த சாம்பல் நிறமானது. பேத்திக்கு முகம் விழுந்துவிட்டது. "கெட்டுப்போச்சா அம்மாச்சி?" என்றாள். "பொறு" என்று சொல்லிப் பாத்திரத் தண்ணீரில் தாளை முக்கினேன். மஞ்சள் நீர் கரைந்து ஓடியது. அடியிலிருந்து நீலம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. எங்கம்மா அப்பாவின் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவாள். அந்த வாளிக்குள் குனிந்து பார்த்தால் ஒரு நீலம் தெரியும், நான் சின்ன வயதில் அதைக் கடல் என்று நினைத்துக்கொள்வேன். அதே நீலம். அதன் நடுவே பாசி வெள்ளையாக எழுந்து நின்றது. தடித்த காம்பு இருந்த இடம் பளிச்சென்ற வெள்ளை. மெல்லிய இலை வழியே வெயில் கசிந்த இடமெல்லாம் வெளிர்நீல நரம்புகள். பேத்தி கை தட்டினாள். நான் தட்டவில்லை, என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பாசியை வெட்டாமல், வரையாமல், வண்ணம் தீட்டாமல், அதன் நிழலை மட்டும் கேட்டு வாங்குகிற கலை இது. வெயிலும் தண்ணீரும் பாசியும் சேர்ந்து செய்கின்றன. மனுஷி வேலை, கவனமாக இருப்பது. இதைவிட மரியாதையான ஓவியம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இதே மரியாதையை இன்று கலிபோர்னியாவில் செய்துகொண்டிருப்பவர்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜோசி ஐசலின் பாசிகளைச் சாதாரண ஸ்கேனர் கண்ணாடியில் பரத்திப் படமெடுக்கிறார். ஆபீஸில் ரேஷன் கார்டு நகல் எடுக்கிற அதே மாதிரி எந்திரம்தான்! அதில் கெல்ப்பின் ஓரச்சுருக்கம் பட்டுப் பாவாடைக் கொசுவம்போல ஒளிர்கிறது. 2019இல் வந்த அவருடைய புத்தகத்தில் பழைய காலத்து ஓவியங்களும் அழுத்திய பாசித் தாள்களும் இந்த ஸ்கேன்களும் அக்கா தங்கைபோலச் சேர்ந்து நிற்கின்றன. சான் டியேகோ பக்கம் ஓரியானா பாயிண்டெக்ஸ்டர், மூச்சை அடக்கிக் கெல்ப் காட்டுக்குள் தானே முங்கி, அங்கே கண்டதை அட்கின்ஸின் அதே நீலத்தில் பதிக்கிறார். கடல் அறிவியலும் படித்தவர் அவர். கலிபோர்னியாவுக்கு வெளியேயும் ஒருவர் உண்டு: லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2013இல் "கடற்பாசித் துறை" என்றே ஒரு துறையைத் தொடங்கிய ஜூலியா லோமன், ஜப்பானியக் கெல்ப்பைத் தோல்போலப் பதப்படுத்திப் பெரிய பெரிய சிற்பக்கூடுகளைக் கட்டுகிறார். அவற்றை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் 2017இலேயே நேரில் பார்த்திருக்கிறேன். பேத்தி பிறந்த சமயம். மாப்பிள்ளை சான்டா குரூஸ் பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர்கள், 2005இல் தொடங்கிய குரோஷா பவளத்திட்டு. கடலடிக் காட்சி முழுவதும் நூலும் கம்பளியும். கொக்கி ஊசியால் பின்னியது! நம் வீடுகளில் டிவிக்கு மேலே போடும் விரிப்பைப் பின்னுவோமே, அதே ஊசிவேலை. கண் போடும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் துணி தானாகச் சுருண்டு சுருண்டு பவளம்போல, கெல்ப் ஓரம்போல ஆகிவிடுகிறது. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஹைபர்பாலிக் தளம் என்பதைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி உறுதியான மாதிரி செய்யக் கணித மேதைகள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாய்னா தைமினா அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டிவிட்டார். அந்தப் பின்னலைத்தான் சகோதரிகள் கடலாக்கினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்து பின்னினார்கள். 2022இல் ஜெர்மனியின் பாடன்-பாடனில் ஏறத்தாழ 4,000 பேர் சேர்ந்து 40,000க்கும் மேல் பவளங்களைப் பின்னிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சான்டா குரூஸில் பார்த்த காட்சியின் ஒரு பகுதியில் நூலுக்குப் பதில் பிளாஸ்டிக் பைகளைக் கிழித்துப் பின்னியிருந்தார்கள். அதற்கு முன்னால் நின்றபோது தொண்டை அடைத்தது. பொழுதுபோகாமல் பின்னுகிறாள் என்று சொல்லப்பட்ட அத்தனை பாட்டிமார்களும் அங்கே வந்து கடலுக்காகச் சாட்சி சொன்னதுபோல இருந்தது.

இந்தக் கலைக்கு அவசரம் வந்துவிட்டது. 2013இல் மேற்குக் கரையில் நட்சத்திர மீன்கள் கரைந்து சாகத் தொடங்கின. சூரியகாந்தி நட்சத்திரம் என்று ஒன்று, ஒரு மீட்டர் அகலம், 24 கைகள் வரை வரும். அந்தக் கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. இனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கூடவே 2014 முதல் கடல் வெப்ப அலை. நட்சத்திரம் இல்லாமல் போனதும் அது தின்னும் கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப்பை மொட்டையடித்தன. கலிபோர்னியாவின் வடகரையில் புல் கெல்ப் காடு 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. நான் ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில்! நட்சத்திர மீனைக் கொன்றது எது என்பது தெரியவந்ததே 2025 ஆகஸ்டில்தான். ஒரு விப்ரியோ பாக்டீரியா. காலராக் கிருமியின் சொந்தக்காரன். ஐசலின் வடகரைப் புல் கெல்ப்புக்காக ஏன் இத்தனை குரல் கொடுக்கிறார் என்று அந்தக் கரையில் நின்றபோது புரிந்தது. என் வாளியில் கிடந்த ஒற்றைப் புல் கெல்ப் காம்பு அந்தக் காட்டில் மிஞ்சியது.

நம் கடலில் கெல்ப் இல்லை, தண்ணீர் வெதுவெதுப்பு. ஆனால் பாசியும் பெண்ணும் என்ற உறவு இங்கே புத்தகத்தில் இல்லை, தண்ணீருக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசிக்காகவும் கட்டக்கோரைக்காகவும் பெண்கள் இன்றும் மூச்சடக்கி முங்குகிறார்கள். விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அம்மா, கண்டபடி பறிக்காமல் மாதத்துக்கு 12 நாள் மட்டும் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்த பெண்களின் தலைவி. 2015இல் சீகாலஜி விருது வாங்கியவர். புகைப்படக்காரர் பழனிக்குமார் அந்தப் பெண்களைத் தண்ணீருக்குள்ளேயே படம் பிடித்திருக்கிறார். பார்த்தால் விடமாட்டீர்கள். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் வெள்ளை வெளேரென்ற கடல்பாசியை ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அதன் மூலப்பொருளுக்காக யார் முங்குகிறார்கள் என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

எங்கள் நீலத்தாள்களில் ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்து சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கீழே மூன்று பேரின் முழுப் பெயரையும் எழுதிவைத்தோம், முதலெழுத்து அல்ல.

அட்கின்ஸின் புத்தகத்தை நியூயார்க் பொது நூலகம் இணையத்தில் முழுதாக வைத்திருக்கிறது. காசு வேண்டாம். இன்றைக்கே திறந்து அந்த அலாரியாவைப் பாருங்கள். பிறகு எழுந்துபோய்ப் பரணில் உங்கள் மகளுடைய, உங்கள் மனைவியுடைய, உங்களுடைய தாவரவியல் ரெக்கார்டு நோட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.